‘கொஞ்சம் நார்த் மெட்ராஸ் போட்டுக் கொடு’ என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: அக்கா, என் வீடு பழைய வண்ணாரப்பேட்டை. நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர ஏஜென்சியில் ஜூனியர் காப்பிரைட்டராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை இந்தியில் வந்த விளம்பரங்களைத் தமிழ்ப்படுத்துவதுதான் என் வேலை. இப்போது முதல் தடவையாக ஒரு புது ஸ்கிரிப்டில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற ஒரு பெரிய கடை ஆடி மாசம் பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் கிளை திறக்கிறது. ஐடியாவை முன்னாடியே முடிவு செய்துவிட்டார்கள். லுங்கி கட்டிய ஒரு தாதா, கூட நாலு அடியாட்கள், பின்னால் கானா. கடைசியில் தள்ளுபடியைப் பார்த்து தாதாவே மிரண்டு போகிறார். ‘நீ அந்த ஏரியாதானே, கொஞ்சம் நார்த் மெட்ராஸ் போட்டுக் கொடு’ என்றார் எங்கள் கிரியேட்டிவ் டைரக்டர். எழுதிக் கொடுத்தேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்தான், ‘நம்ம தெருவுல இந்த மாதிரி ஆளை எங்க பாத்த நீ?’ என்று கேட்டான். அன்றிலிருந்து உறுத்துகிறது. மறுக்கலாமா? மறுத்தால் திரும்பவும் மொழிபெயர்ப்புக்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

இன்னும் இரண்டு சந்தேகம். போன மாசம் நான் எழுதிய ஒரு வரி பேப்பர் விளம்பரமாக வந்தது. மீட்டிங்கில் அது வேறொருவர் பெயரில் போனது. அதை என் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா? அப்புறம், சீசன் நேரத்தில் ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடுகிறது. வீட்டில் தினமும் சண்டை. இதற்கும் ஏதாவது சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

மறுக்காதே. ஆனால் அந்த ஸ்கிரிப்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தும் விடாதே. பக்கத்தில் இன்னொரு ஸ்கிரிப்டை வை.

உன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். அதை அப்படியே மீட்டிங்கில் கேட்டால் எடுபடாது. ‘எங்க ஏரியாவை இப்படிக் காட்டுறீங்களே’ என்று நீ ஆரம்பித்த உடனே, ‘ஹ்யூமர்தாம்மா, பர்சனலா எடுத்துக்காத’ என்று ஒருவர் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு உன்னை ‘சென்சிட்டிவ் டைப்’ என்ற கணக்கில் எழுதிவிடுவார்கள், அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதே விஷயத்தை வியாபாரக் கேள்வியாகத் திருப்பிக் கேள்: இதைப் பார்த்து யார் சிரிக்கப்போகிறார்கள், கடைக்கு யார் வரப்போகிறார்கள்? சிரித்தவர்கள் எல்லாரும் நுங்கம்பாக்கத்து ஏ.சி. ரூமில் இருந்தவர்கள். கடை திறப்பது பெரம்பூரில். அவர்களில் ஒருத்தர்கூட ஃப்ரிட்ஜ் வாங்க பேசின் பிரிட்ஜைத் தாண்டி வரமாட்டார். கிளையன்ட் காசு கொடுப்பது கூட்டம் வருவதற்கு. இந்தக் கோணத்தில் பேசினால் கிளையன்ட்டோடு பேசிப் பழகுகிற கிளையன்ட் சர்வீசிங் ஆட்கள் உன் பக்கம் திரும்புவார்கள், ஏனென்றால் ‘கூட்டம் வரலையே’ என்று நாளைக்குத் திட்டு வாங்கப்போவது அவர்கள்தான்.

சரி, யார் வருவார்கள்? இதை உன்னைவிட அந்த ரூமில் யாரும் நன்றாகச் சொல்ல முடியாது. நீதான் இன்னும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பெரம்பூரில் லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். என்று மூன்று தலைமுறையாக ரயில்வே சம்பளத்தில் ஓடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. பின்னி துணி ஆலையில் தாத்தா வேலை பார்த்த வீடுகள் இருக்கின்றன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்கிறார்களே, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், அது 1918-ல் அந்த ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து எழுந்ததுதான். சம்பளச் சீட்டையும் பிடித்தக் கணக்கையும் வரி வரியாகப் படித்துப் பழகிய ஊர் இது. ‘ஜீரோ பர்சென்ட் இ.எம்.ஐ.’ என்று போட்டால், ‘பிராசஸிங் சார்ஜ் எவ்ளோ?’ என்று கேட்கிற பெரியவர் இங்கே தெருவுக்கு நாலு பேர். அவரை மிரள வைக்கிற தள்ளுபடி எதுவும் இன்னும் வரவில்லை.

திருவொற்றியூர்ப் பக்கம் கூட்டம் வேறு. எண்ணூர் லேலண்ட், மணலி ரிஃபைனரி, துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள், கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து இறங்குகிற தெலுங்குக் குடும்பங்கள், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் மீனவர் குப்பங்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், மீட்டிங்கில் போட்டு வை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் காசு புழங்காது. ‘சம்மர் ஆஃபர்’ என்று மே மாதம் முழுக்க போஸ்டர் ஒட்டினாலும் அந்த வீடுகளில் யாரும் திரும்பிப் பார்க்க முடியாது. படகு திரும்பக் கடலுக்குப் போய், பழைய கடனை அடைத்து, கையில் நாலு காசு தங்குகிற நேரம் கிட்டத்தட்ட ஆடி. உன் கிளையன்ட் தெரிந்தோ தெரியாமலோ சரியான மாசத்தில் கடை திறக்கிறார். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குத் தவணை எப்படிக் கொடுக்கப்போகிறார் என்று அவரிடம் கேட்கச் சொல். அதற்கு ஒரு நல்ல பதில் இருந்தால், தாதாவை விடப் பெரிய விளம்பரம் அதுதான்.

எந்த ஏஜென்சியிலும் இதைத்தான் ‘இன்சைட்’ என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டுக் காசு வாங்குகிறார்கள். உன்னிடம் அது சும்மா இருக்கிறது. அவர்கள் உன்னிடம் ‘இன்னாபா’வை மட்டும் கேட்கிறார்கள், நீயும் அதை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

இன்னொன்று பார். நம் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கும்போது ‘ஃபைவ் ஸ்டாரா, த்ரீ ஸ்டாரா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்குள் நடக்கிற பேச்சு வேறு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில், முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும். அதனால் கணக்கு எடுக்கிற தேதி நெருங்க நெருங்க மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! ‘490 ஆச்சு, அயர்ன் பாக்ஸை வை கீழ’ என்று சத்தம் போடுவது உன் வீட்டிலும் நடந்திருக்கும். அதிலும் ஒரே காம்பவுண்டுக்குள் நாலு போர்ஷன் இருக்கிற வீட்டில், ஹவுஸ் ஓனருக்கு யூனிட் கணக்கில் கட்டுகிறவர்களுக்கு இலவச 100-ம் பல சமயம் கைக்கு வராது. அவர்களுக்கு நட்சத்திரம் எல்லாம் அப்புறம். இந்த ஃப்ரிட்ஜ் வந்தால் பில் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் கேள்வி. மீட்டர் போர்டுக்குக் கீழே கையில் டார்ச்சோடு நிற்கிற ஓர் அம்மாவை வைத்து 30 நொடி எழுத முடியாதா உன்னால்?

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘கரண்ட் பில் பாதியாகும்’ என்று உற்சாகத்தில் எழுதிவிடாதே. அதற்குக் கம்பெனியிடமிருந்து ஆதாரம் வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரைக்கும்.

இரண்டாவது ஸ்கிரிப்டுக்கு இன்னொரு விதையும் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நம் தெருவில் டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கினதைப் பார்த்திருக்கிறாயா? நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள், அந்தக் காட்சிக்கு டிக்கெட் போட்டு விற்கலாம். மினி லாரி தெருமுனையோடு நின்றுவிடும், உள்ளே வராது. வீடு முதல் மாடி. படி மூன்றடி அகலம், நடுவில் ஒரு திருப்பம், அந்தத் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி துருத்திக்கொண்டிருக்கும். லோடு தூக்குகிறவர்கள் ரெண்டு பேர் அட்டைப் பெட்டியோடு திருப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான், தெருவே இன்ஜினியர் ஆகிவிடும். ‘கதவைக் கழட்டு’ என்பார் எதிர்வீட்டு ரிட்டயர்டு ரயில்வேக்காரர். ‘சாய்க்காத, கேஸ் ஏறிடும்’ என்பார் அயர்ன்காரர். மாடியிலிருந்து ஒரு பாட்டி, ‘பால்கனி வழியா கயிறு கட்டித் தூக்குங்கடா, எங்க பீரோவை அப்படித்தான் ஏத்தினோம்’ என்பார். வாங்கின அம்மா யாரையும் பார்க்க மாட்டார். சுவரில் பெட்டி உரசுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஃப்ரிட்ஜ் உள்ளே போனதும் அத்தனை பேருக்கும் அதிலிருந்தே குளிர்ந்த தண்ணீர் கொடுக்க நினைப்பார், ஆனால் மூணு மணி நேரம் பிளக் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான் கடைப் பையன்.

இதில் ஒருவரும் ரவுடி கிடையாது, சிரிப்பு இருக்கிறது, வட சென்னையும் இருக்கிறது. ‘மாடி ஏத்திக் கொடுக்கிறது எங்க பொறுப்பு’ என்று கடைக்காரர் சொல்லத் தயார் என்றால் விற்பனைக்கும் வழி இருக்கிறது. கேட்டுப் பார்க்கச் சொல். அவர் மாட்டேன் என்றால் இந்தக் கதையைத் தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதான், செய்யாததைச் செய்வதாகச் சொல்லி எழுதக் கூடாது.

வசனம் எழுதுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ எழுதின முதல் ஸ்கிரிப்டை நான் பார்க்கவில்லை, ஆனால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பத்திரிகைத் தமிழில் ஒரு வாக்கியம், அதன் இரண்டு பக்கமும் ‘இன்னா நைனா’, ‘கஸ்மாலம்’. பிரியாணிக்கு மேலே கொத்தமல்லி தூவுகிற மாதிரி தூவச் சொல்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் பேசுவது அப்படி இல்லையே. ஸ்டான்லி ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு மாதிரி பேசுவார், சவுகார்பேட்டை சேட்டு ஒரு மாதிரி, வியாசர்பாடியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போட்டிருக்கிற பர்மாக்காரர் வீட்டுப் பாட்டி இன்னொரு மாதிரி. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது வேகம்தான். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். ‘வெலை இன்னா? எப்படியும் கொறைக்க மாட்ட, சொல்லு’. எழுதினதைச் சத்தமாகப் படி. அம்மா முன்னால் படித்தாயே, அது நல்ல பழக்கம், விடாதே. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் ஒரு ஃபீட்பேக்தான்.

நீளத்தையும் பார்த்துக்கொள். 30 நொடி என்றால் கடைப் பெயர், இடம், ஆஃபர் சொல்வதற்கே கடைசி ஐந்தாறு நொடி போய்விடும். மிச்சத்தில் தமிழில் 40, 45 சொல் உட்கார்ந்தால் பெரிய விஷயம். இங்கே உன் ஒன்றரை வருஷம் கைகொடுக்கும். இந்தி உதட்டசைவுக்குத் தமிழைப் பொருத்திப் பொருத்தி, ஒரு சொல் எத்தனை அசை என்று உனக்குத் தூக்கத்திலும் தெரியும். புது ஸ்கிரிப்ட் மட்டுமே எழுதின பையன்களுக்கு அது தெரியாது. டப்பிங் தியேட்டரில் வந்துதான் முழிப்பார்கள்.

மீட்டிங்கை எப்படி நடத்துவது என்று சொல்கிறேன், கேள். கிளையன்ட் முன்னால் போய் இரண்டாவது ஸ்கிரிப்டை எடுத்து நீட்டிவிடாதே, அது உன் கிரியேட்டிவ் டைரக்டரை நடுத்தெருவில் நிறுத்துகிற வேலை. முந்தின நாளே தனியாக அவரிடம் போ. ‘சார், நீங்க கேட்டதை முடிச்சிட்டேன், இதையும் ஒரு தடவை பாத்துடுங்க’ என்று இரண்டையும் கொடு. அவர் சொன்ன ஸ்கிரிப்டையும் ஒழுங்காகவே எழுதியிரு. அதை வேண்டுமென்றே சொதப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் கெட்டவர் இல்லை என்றே நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரீஃப் (விளம்பரம் யாருக்கு, என்ன சொல்ல வேண்டும் என்கிற குறிப்பு) வந்து திங்கட்கிழமை காலையில் பிரசன்டேஷன் என்றால் யாருக்கும் முதலில் கைக்கு வருவது சினிமாவில் பார்த்த வட சென்னைதான். லுங்கியும் அரிவாளும் ரெடிமேடாகக் கிடைக்கும்போது யார் துணி எடுத்துத் தைக்கப்போகிறார்கள்?

அவர் இரண்டாவதை ஒதுக்கிவிட்டு முதலாவதையே எடுத்துப் போகலாம். போகட்டும். விளம்பரம் ஒரு ஆளின் கையில் இல்லை, கிளையன்ட்டின் மச்சான் கடைசி நேரத்தில் வந்து மாற்றின ஸ்கிரிப்டுகள் நம் தொழிலில் ஏராளம். அப்படிப் போனாலும் இரண்டு சின்ன விஷயத்துக்கு மட்டும் நின்று பேசு. தாதாவும் அடியாட்களும் எந்தச் சாதி, எந்த மதம் என்று உடையிலோ பெயரிலோ நிறத்திலோ அடையாளம் காட்டக் கூடாது. 1985-லிருந்து இருக்கிற இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் விதிகளே சாதி, மதம், நிறம், பாலினம் எதையும் இழிவுபடுத்தக் கூடாது என்று சொல்கின்றன, புகார் போனால் ஏஜென்சி பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, கானா வேண்டும் என்றால் கானா பாடுகிறவரையே கூப்பிட்டு, அவருக்கு உரிய காசு கொடுத்துப் பாடவைக்கச் சொல். ஸ்டுடியோவில் இருக்கிற ஒருவர் மூக்கால் பாடினால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

இதெல்லாம் இந்த ஒரு வேலைக்கு. உன் நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் உன் மேஜைக்கு வரும்போது யார் நடிக்க வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீ சேர்க்க முடிந்தது உச்சரிப்பு மட்டும்தான். நீ உட்கார வேண்டிய இடம் பிரீஃப் எழுதுகிற மேஜை. அடுத்த தடவை நம் பக்கத்துக் கடையோ, நம் ஆட்களுக்கான பொருளோ வந்தது என்று காதில் விழுந்தால், கிளையன்ட் சர்வீசிங் பெண்ணிடம் போய், ‘ஸ்டோர் விசிட்டுக்கு நானும் வரட்டா?’ என்று கேள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், வெயிலில் அலைய ஆள் கிடைத்தால் சந்தோஷம்தான் படுவார்கள். இந்தக் கிளையன்ட்டுக்கே வேறு கிளை எங்காவது இருந்தால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போய் நில். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நிற்பதைப் போல் இருக்காது இது. ஃப்ரிட்ஜுக்கு ஒரு குடும்பமே வரும். அப்பா விலைச்சீட்டைப் பார்ப்பார், பையன் போனில் ஆன்லைன் விலையைத் தேடுவான். அம்மா கதவைத் திறந்து, கீழே இருக்கிற காய்கறி டிரேயை இழுத்துத் தள்ளிப் பார்ப்பார், கதவை ஒரு தடவை பலமாகச் சாத்திப் பார்ப்பார். முடிவு அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. பார்த்ததை அரைப் பக்கம் எழுதி, பிரீஃப் எழுதுகிறவருக்கு மெயிலில் அனுப்பு. யாரும் கேட்கவில்லை என்றாலும் அனுப்பு. இரண்டு மூன்று தடவை ஆனதும் அவர்களே கேட்டு வருவார்கள்.

‘வட சென்னை ஸ்பெஷலிஸ்ட்’ என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற கவலை வரலாம். வந்தால் சரி பார்த்துக்கொள்வோம். வாங்குகிறவரை நின்று பார்க்கத் தெரிந்தவளுக்கு அடையாறும் ஒன்றுதான், ஆம்பூரும் ஒன்றுதான்.

பேப்பரில் வந்த வரி விஷயம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் வேலையின் பகுதியாக நீ எழுதியதற்கு முதல் உரிமையாளர் உன்னை வேலைக்கு வைத்தவர்தான். அப்புறம் அது எங்கே போகும் என்பது ஏஜென்சிக்கும் கிளையன்ட்டுக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆக, வரி உன் சொத்து இல்லை. ஆனால் வெளியான விளம்பரத்தை, ‘காப்பி: நான்’ (அதாவது, வாசகம் என்னுடையது) என்று போட்டு போர்ட்ஃபோலியோவில் வைப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது, வை. ஆர்ட் டைரக்டர் பெயரையும் கூடவே போடு. வெளியாகாத வேலையை மட்டும் கேட்காமல் வெளியே காட்டாதே. மீட்டிங்கில் பெயர் மாறிப்போனதற்கு இப்போது சண்டை போட்டுப் பயனில்லை. இனிமேல் வரிகளை வாட்ஸாப்பில் அனுப்பாமல், வாயால் சொல்லாமல், மெயிலில் தேதியோடு அனுப்பு. நாலு பேருக்கு சி.சி. போடு, போதும்.

ராத்திரி விஷயத்தில் நான் வீட்டுப் பக்கம்தான். சீசனில் லேட் ஆகும், அதை மாற்ற முடியாது. ஆனால் பாதி ராத்திரிகள் வேலைக்காக ஆவதில்லை, யாரோ ஒருவர் ஏழு மணி வரைக்கும் டிசைனைப் பார்க்காமல் வைத்திருந்து அப்புறம் ‘லோகோவைப் பெரிசாக்கு’ என்று சொல்வதால் ஆகிறது. உன் காப்பியை நாலு மணிக்கே அனுப்பிவிட்டு, ‘திருத்தம் இருந்தால் ஆறரைக்குள் சொல்லுங்கள்’ என்று அதிலேயே எழுது. கடைசி மெட்ரோவைத் தாண்டினால் ஆபீஸ் செலவில் கேப் என்பதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்கு. இதற்குக் கூச்சப்படாதே, உனக்குப் பின்னால் சேருகிற பெண்களுக்கும் உதவும். ஃபிளெக்ஸ் பிரிண்டுக்குப் போகிற ராத்திரி மட்டும் நீயே இருந்து ப்ரூஃப் பார்த்துவிட்டுப் போ. எழுத்துக் கோக்கிற டி.டி.பி. ஆளும் ஆர்ட் டைரக்டரும் தமிழ் படிக்காதவர்களாக இருந்தால், ‘குளிர்சாதனப் பெட்டி’ எப்படி வேண்டுமானாலும் அச்சாகும்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு கிரியேட்டிவ் டைரக்டரிடம் போகும்போது இரண்டாவது ஸ்கிரிப்டை லேப்டாப்பில் காட்டாதே, பாதி படிப்பதற்குள் அவருக்கு ஒரு கால் வந்துவிடும். ஒரே பக்கத்தில் பிரிண்ட் எடு, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடு, அவரை உட்காரவைத்து நீயே படித்துக் காட்டு. பாட்டி வசனத்துக்குப் பாட்டி குரலிலேயே படி.